பத்தாவது ஆள்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது.

1995ல் திருச்சியிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், ரவுண்டானா வந்தது. ரயில் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. எனவே எங்கள் ஊருக்கு ரயிலில்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிற என் போன்ற ஆசாமிகள் அரியலூரில் இறங்கி, பஸ் பிடித்து, முப்பது கிலோமீட்டர் மேற்கே வரவேண்டும். ஹைவேயில் பஸ்ஸில் வந்தால் நேரே கொண்டுவந்து விட்டுவிடுவான். ஆனால் எனக்கு வைகை எக்ஸ்பிரஸ் ஜன்னல் ஸீட் மேல் ஒரு பைத்தியம்.

அரியலூர் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் செருப்பில் லேசாய் ஒரு வெள்ளை ஒட்டும். சுண்ணாம்பு. ஊரைச் சுற்றி அரசு ஆலை முதற்கொண்டு ஏகப்பட்ட சிமென்ட் ஆலைகள். சென்னையில் நாம் குடியிருக்கும் ஃபிளாட்டின் சுவரில் பாதி இங்கிருந்து போனதாகத்தான் இருக்கும். ஸ்டேஷனுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் மருதையாறு. 1956 நவம்பர் 23ஆம் தேதி வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தது அதற்காகத்தான். இரண்டு முறை பிரித்து ஒரு முறை சேர்த்து விளையாடிய அரியலூர் மாவட்டம் கடைசியாக நிலைத்ததும் ஒரு நவம்பர் 23, 2007ல். யாரும் யோசித்துச் செய்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். ஓட வந்தேன்.

சிரிக்காதீர்கள். அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு நெடுந்தூர ஓட்டப் போட்டி நடத்துகிறது. நான் சொல்வது 2023ல் நடந்த கதை. பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுவரை ஆண்களுக்கு 8 கிலோமீட்டர். இருபத்தைந்தைத் தாண்டிய ஆண்களுக்கு 10. பெண்களுக்கு 5. வயசுப் பையன்களுக்கு எட்டு, தொந்தி விழுந்தவனுக்குப் பத்து! என்ன கணக்கு இது என்று பி.காம். படித்த எனக்கே விளங்கவில்லை. நிஜ மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். நம் ஊரில் தெருமுனை வரை ஓடினாலும் அது மாரத்தான்தான். போஸ்டர் அடித்துவிடுவார்கள்.

முதல் பரிசு 5,000, இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நான்காவதிலிருந்து பத்தாவது வரை தலா ஆயிரம். வயதுச் சான்றும், வங்கி பாஸ்புக் முதல் பக்க நகலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பரிசுப் பணம் நேரே கணக்கில் விழுமாம். ஆதாரில் என் விலாசம் இன்னும் பெரம்பலூர்தான். அதை எடுத்துக்கொண்டேன். பாஸ்புக் நகல் எடுக்கவில்லை. என் ஓட்டம் எனக்குத் தெரியாதா என்ன?

ஆறு மாதம் முன்னால் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நடங்க" என்றார். நடந்தேன். நடந்ததில் எடை அரைக் கிலோ ஏறியது. (பார்க் வாசலில் ஒரு வடைக்கடை இருந்தது.) அப்புறம்தான் ஓட ஆரம்பித்தேன். ஆறாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். அந்தப் பணத்தைச் செரிக்கவாவது ஓடவேண்டும் என்பது இல்லத்தரசியின் உத்தரவு.

காலை ஆறு மணிக்கு மைதானம் போனால் திருவிழாக் கூட்டம். எல்லாம் பொடிசுகள். போலீஸ் செலக்‌ஷனுக்கும் ஆர்மிக்கும் தயாராகிற பையன்கள், கன்னம் ஒட்டி, கால் நரம்பு தெறிக்க, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் ரெட்டைப் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி. எங்கள் வரிசை மட்டும் ரேஷன் கடைக் க்யூ மாதிரி சாந்தமாய் இருந்தது. மொத்தம் முப்பது பேர் தேறும். பி.டி. வாத்தியார்கள், இரண்டு மூன்று போலீஸ்காரர்கள், ஒரு பாங்க் ஆசாமி, மிச்சமெல்லாம் என்னைப் போல டாக்டர் அனுப்பிய கேஸ்கள்.

எனக்கு முன்னால் நின்றவருக்கு நெஞ்சு நம்பர் 63. எனக்கு 64.

"அறுபத்து மூவரா அண்ணே?" என்றேன், சும்மா பேச்சுக் கொடுக்க.

திரும்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும். காக்கி அரை டிராயர், பழைய கேன்வாஸ் ஷூ, சட்டைப் பையில் ஏதோ ஒரு பாலிதீன் கவர். "நமக்கு நாயன்மார் ஆகுற அளவுக்கு எல்லாம் புண்ணியம் இல்லீங்க. உங்களுதுதான் ஒசத்தி. ஆயகலை அறுபத்து நாலு."

அந்த அறுபத்து நாலில் ஓட்டம் உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் அது எனக்குக் கைவராத கலை என்பது விசில் ஊதிய ஐந்தாவது நிமிடம் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஓடுகிறார்களே என்று நானும் ஓடினேன். முதல் கிலோமீட்டரில் மானம் போகக்கூடாது என்று போலீஸ்காரர்களோடு போனேன். இரண்டாவதில் உயிர் போகக்கூடாது என்று பின்தங்கினேன்.

பக்கத்தில் கேன்வாஸ் ஷூ சத்தம். 63.

"சார், பேச வருதா?"

"...ம்?"

"பேச்சு வரலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். லோடு ஏத்தின வண்டிய டாப் கியர்ல மேட்டுல ஏத்தினா என்னாகும்? முக்கும். தேர்டுக்கு வாங்க."

தேர்டுக்கு வந்தேன். மூச்சும் வந்தது. லாரி டிரைவராம். குன்னம் பக்கம் ஊர். அரியலூர் சுரங்கங்களிலிருந்து ஆலைக்கு சுண்ணாம்புக்கல் அடிக்கிற டிப்பர். இருபது வருஷமாய் அதே வேலை. ஒரு நாளைக்கு எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை டன், டயர் என்ன விலை என்று எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் 'ம்' மட்டும் போட்டேன். ஓடும்போது 'ம்' போடுவதே ஒரு வேலை, ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரோட்டின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம். அதற்கப்பால் பருத்தி. எங்கிருந்தோ சின்ன வெங்காய வாசனை. எங்கள் மாவட்டத்து வெங்காயம் இல்லையென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வீட்டில் சாம்பார் மணக்காது. வெங்காயம் உரிக்காமலேயே என் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான். தூரத்தில் கறுப்புப் பாறைக் குன்றுகள். ஒரு டீக்கடையில் நாலு பெரியவர்கள் எங்களைப் பார்த்து, "என்னப்பா, யாரு துரத்துறா?" என்றார்கள். 63 கையெடுத்துக் கும்பிட்டு, "வயசு துரத்துது பெரிப்பா" என்றார்.

"ஏண்ணே ஓடுறீங்க?" என்று நான் கேட்டேன்.

"சும்மாதான்."

இருபது வருஷம் டயர் விலை வரைக்கும் சொன்ன மனிதர், இதற்கு மட்டும் ஒரே வார்த்தை.

ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைச் சுற்றித் திரும்பவேண்டும். திரும்பி வருகிறவர்கள் எதிரே வருவதால் எண்ண முடிந்தது. எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். பின்னால் யாரும் பெரிதாய்த் தென்படவில்லை. பலர் டிரம் பக்கத்தில் நின்றிருந்த வேனிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற முன்னால் போனவர்களும் ஒவ்வொருவராய்ச் சாய்ந்தார்கள். ஒருவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் இடுப்பில் கை வைத்து நடந்தார். பாங்க் ஆசாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார். நாலு பேரைத் தாண்டினோம். பதினொன்றில் நாலு போனால் ஏழு. ஆக நாங்கள் எட்டு, ஒன்பது!

இந்த இடத்தில்தான் என் பாழும் காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது. ஆயிரம் ரூபாய் வரவு. ஷூ செலவு போக நிகர நஷ்டம் ஐயாயிரம்தான். அந்த உற்சாகத்தில் 'தேர்ட்' மறந்து வேகம் எடுத்தேன்.

எட்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் இடது கெண்டைக்கால் சதை ஒரு முடிச்சுப் போட்டது. அம்மா என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

63 போயிருக்கலாம். போயிருந்தால் ஒரு வருத்தமும் பட்டிருக்கமாட்டேன். ஆனால் நின்றார். குந்தி உட்கார்ந்து என் காலைத் தன் தொடை மேல் எடுத்து வைத்து, ஷூவோடு பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி அழுத்தினார். முன்பின் தெரியாத மனிதர், வயதில் மூத்தவர், என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் கூச்சத்தில் இழுத்தேன். "சும்மா இருங்க தம்பி, பஞ்சர் வண்டிக்கு என்ன வெக்கம்" என்றார். எப்போது சார் போய்த் தம்பி வந்தது என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு நிமிஷமோ ஒன்றரையோ. அதற்குள் இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். மோர் தீர்ந்திருக்கவேண்டும், அதில் ஒருவர் பாங்க் ஆசாமி.

எழுந்து நொண்டி, நடந்து, மெள்ள ஓட்டம் பிடித்தது. அப்புறம் நாங்கள் பேசவில்லை. மைதானத்து கேட் தெரிந்தது. வாசலில் விசிலோடு நின்ற பி.டி. வாத்தியார் கையை ஆட்டிக் கத்தினார்: "ஒம்போது பேர் போயாச்சு! ஒரே ஒரு இடம்தான் இருக்கு, வாங்க, வாங்க!"

இரண்டு பேர். ஒரு இடம்.

நான் முடிவு செய்துவிட்டேன். எனக்காக நின்ற மனிதர். அந்த இடம் அவருக்குத்தான். கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, தெரியாத மாதிரி பின்தங்கிவிடவேண்டியது. ஒரு தியாகி போன்ற உணர்ச்சி நெஞ்சில் நிறைந்தது. முகத்தில் கூட ஒரு சாந்தம் வந்திருக்கும். அந்த முகத்தோடு, விடைகொடுக்கிற பாவனையில் பக்கத்தில் திரும்பினேன்.

ஆளைக் காணோம்!

நாலு கஜம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். போய்க்கொண்டிருந்தார் என்றால் போதாது. லோடு இறக்கின டிப்பர் மாதிரி பறந்துகொண்டிருந்தார். இத்தனை நேரமும் எனக்காகத்தான் தேர்டில் வந்திருக்கிறார் மனிதர்!

இதுவரை சொன்னதெல்லாம் சொல்லக்கூடியது. இனி சொல்வதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாயிருக்கிறது. அவர் அப்படி ஓடியதைப் பார்த்ததும் என் தியாகமெல்லாம் எங்கே போயிற்றோ, தெரியாது. எனக்கு அந்தப் பத்தாவது இடம் வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஒரு வேகம் என் காலில் இருந்தது அன்றுவரை எனக்கே தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினேன். எனக்காகக் கால் பிடித்துவிட்டவரைத் தோற்கடிக்க, அவர் பிடித்துவிட்ட அதே காலால். கடைசி இருபது கஜத்தில் அவர் முதுகுச் சட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருகணம் அதைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட நினைத்தேன். சத்தியமாய் நினைத்தேன்.

ஒரு கை நீளத்தில் தோற்றேன். ஒரு மணி, நாலு நிமிஷம்.

இரண்டு பேரும் புல்லில் மல்லாந்து கிடந்தோம். பிறகு அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து அந்தப் பாலிதீன் கவரை எடுத்தார். உள்ளே நாலாய் மடித்த பாஸ்புக் ஜெராக்ஸ். வியர்வை ஒரு சொட்டுப் படவில்லை. மேஜைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதாவது, வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அவர் ஜெயிக்கிற உத்தேசத்தோடு வந்திருக்கிறார். நான் தோற்கிற உத்தேசத்தோடு வந்திருக்கிறேன். இருவர் எண்ணமும் பலித்தது.

"கோவமா தம்பி?"

"இல்லண்ணே."

"நீங்க வேகத்தைக் கொறைச்சீங்க, பாத்தேன். அதான் ஓடினேன். பிச்சையா வாங்கினா அந்த ஆயிரம் எனக்கு எதுக்கு?"

டிபனுக்கு நான்தான் பணம் கொடுப்பேன் என்றேன். விட்டார். எனக்குப் பொங்கல், வடை. அவருக்கு இரண்டு இட்லி, சர்க்கரை இல்லாத டீ. ரயிலும் இல்லாத ஊரில் மத்தியானம் வரை என்ன செய்யப்போகிறேன் என்றபோது, "சாத்தனூர் கல்மரம் பாத்திருக்கீங்களா?" என்றார். சொந்த ஊர்க்காரன் பார்த்திருப்பானா? பார்த்ததில்லை. அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து திருச்சி ரோட்டில் தெற்கே கிளம்பினோம். சிறுவாச்சூரில் மதுரகாளியம்மனுக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு. அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடைதிறப்பு. அன்று சனிக்கிழமை. வண்டியை நிதானமாக, ரோட்டின் இடது ஓரமாகவே ஓட்டினார். லாரி டிரைவர் இத்தனை சாதுவாய் ஓட்டுவாரா என்று எனக்கு ஆச்சரியம்.

கல்மரம் என்றால் நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துப் போனேன். படுத்துக் கிடக்கிறது. கம்பி வேலிக்குள் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிமரம். பட்டை, கணு எல்லாம் அப்படியே. தட்டினால் கல். பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் இந்தச் சாத்தனூருக்கும் மேற்கே வரை வந்திருந்ததாம். ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளிய மரம் மணலில் புதைந்து கல்லாகிவிட்டது. 1940ல் புவியியல் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். பிற்பாடு அந்தத் துறைக்கே முதல் இந்திய டைரக்டர் ஆனவர். அந்தக் கடல் விட்டுப்போன சிப்பியும் சுண்ணாம்பும்தான் இன்றைக்கு அரியலூர் சிமென்ட். செந்துறைப் பக்கம் 2009ல் டைனோசர் முட்டைகள்கூடக் கிடைத்தன. வாரணவாசியில் இதற்கென்றே ஒரு மியூசியம் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து மண்ணைக் கிளறும் ஊர். நாங்கள் வெங்காயத்துக்காக மட்டும் கிளறுகிறோம்.

"நாங்க கல்லு வெட்டுறப்ப நத்தை மாதிரி சுருட்டிக்கிட்டு கல்லு கெடைக்கும் தம்பி. ஒரு காலத்துல என் வண்டியில டாஷ்போர்டு மேல நாலு வெச்சிருந்தேன்" என்றார் 63. "அந்த போர்டுல என்ன போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். அவரும் படிக்கலாமே, இத்தனை பெரிய எழுத்து என்று தோன்றியது. எழுதப் படிக்கத் தெரியாதோ என்று ஒரு சந்தேகம். ஆனால் காலையில் நமக்கு முன்னால் நின்று பாரத்தை அவர்தானே மளமளவென்று நிரப்பினார்! கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிரப்பினார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"சர்க்கரை. எட்டு வருஷமா இருக்கு. நாலு வருஷம் கவனிக்கல. வண்டியில உக்காந்தே பொழப்பு, கெடைச்சத தின்னுறது. இடது கண்ணு உள்ள ரத்தக் குழா கசியுதுன்னு லேசர் வெச்சாங்க. போனது போனதுதானாம், இருக்கறதக் காப்பாத்தணும்னா சர்க்கரைய எறக்குன்னு சொன்னாரு டாக்டர். அதான் விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சு ஓடுறேன். ராத்திரி வண்டிய விட்டுட்டேன். அதுல பாதி வருமானம் போச்சு. ஜனவரில லைசென்ஸ் ரினியூவல். டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும், கண்ணு பாப்பாங்க."

"பாஸ் ஆகலன்னா?"

"பொண்ணு பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம்" என்றார். அதுதான் பதில்.

நான் என்ன சொல்வது? எந்த லாரியில் எந்த டிரைவருக்கு எந்தக் கண் தெரியவில்லையோ என்று அரியலூர் ரோட்டில் பயந்து பயந்து ஸ்கூட்டர் ஓட்டுகிற ஜனங்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். அத்தை மகன் ஒருவன் டிப்பரில் அடிபட்டுக் கால் போனவன். எனவே, 'உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும் அண்ணே' என்று வாய் வரைக்கும் வந்ததைச் சொல்ல முடியவில்லை. கிடைக்கக்கூடாது என்று நினைக்கவும் முடியவில்லை. காலையில் என் காலைத் தொடைமேல் வைத்துக்கொண்ட மனிதர். அவர் பெயரை இங்கே எழுதாமல் விட்டதற்கு இதுதான் காரணம்.

"வலது கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

"அது ஜோரா இருக்கு தம்பி" என்றார். கொஞ்சம் அவசரமாகவே சொன்னாரோ என்னவோ.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கல்மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வேலிக் கம்பிக்குள் கைவிட்டுத் தொட்டுவிட்டு ஓடினான். "கல்லாப் போறதுக்குப் பன்னெண்டு கோடி வருஷம். நமக்கு உக்காந்தா பத்து வருஷம் போதும் போலருக்கு" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார் 63.

திரும்பும்போது நானே மொபெட்டை ஓட்டுகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். அது எனக்கு இன்னும் சங்கடமாய்ப் போயிற்று. என் கெண்டைக்கால் மறுபடி இழுத்தது. ஆனால் சொல்லவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என் அவசரத்துக்கு ரயிலெல்லாம் கிடையாது, பஸ்தான். மறுநாள் ஞாயிறென்றாலும் எனக்கு ஒரு பாலன்ஸ் ஷீட் வேலை சென்னையில் காத்திருந்தது. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "அடுத்த வருஷம் எட்டாவது எடம் தம்பி. ரெண்டு பேரும். பாஸ்புக் ஜெராக்ஸ் எடுத்தாங்க, மறக்காம."

அப்போது ஸ்டாண்டின் மறுகோடியில், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பஸ் தூசி கிளப்பிக்கொண்டு உள்ளே திரும்பியது. வெயில் அதன் கண்ணாடியில் பட்டு என் கண்ணைக் கூசச் செய்தது. எனக்கு போர்டு தெரியவில்லை.

"சென்னை வண்டி. ஓடுங்க, எடம் இருக்கு" என்றார் 63.

ஓடினேன். சென்னை வண்டிதான். ஜன்னல் ஸீட்டும் கிடைத்தது. போர்டைப் பார்த்துச் சொன்னாரா, படிக்கட்டில் தொங்கியபடி கண்டக்டர் போட்ட கூச்சலைக் கேட்டுச் சொன்னாரா என்று கேட்கலாம் என்று தலையை வெளியே நீட்டினேன். அவர் அதற்குள் மொபெட்டை ஸ்டாண்டு எடுத்துக்கொண்டிருந்தார்.